ஓடவிட்டால் மட்டும் போதாது

(கொஸ்லந்தையில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வகுப்பில் அடங்காத பிள்ளை ஒன்று இருந்தால், நம் பாடசாலைகளில் முதலில் பறிபோவது அந்தப் பிள்ளையின் விளையாட்டு. கணக்கை முடிக்கவில்லையா, இடைவேளைக்கு வெளியே போகாதே. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளினாயா, உடற்கல்விப் பாடவேளைக்கு வகுப்பிலேயே உட்கார். தரம் ஐந்து என்றால் கேட்கவே வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை மைதானம் எல்லாப் பிள்ளைகளுக்குமே இல்லை. ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் இதை எதிர்த்து வாதாடியவன் நான். இன்றும் அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் "பிள்ளையை விளையாட விடுங்கள்" என்பதோடு நிறுத்தப் போவதில்லை. எந்த விளையாட்டு என்பதும் முக்கியம். உடம்பு ஓடும்போது மனமும் கூடவே வேலை செய்தாக வேண்டிய விளையாட்டுத்தான் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக உதவும். அப்படிப்பட்ட ஆட்டங்கள் நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. இதுதான் என் உரையின் பொருள்.

அடங்காத பிள்ளைகள் சிலரிடம் வைத்தியர்கள் காணும் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைத் துடியாட்ட நிலை நேற்று முளைத்த பேச்சல்ல. 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற பிள்ளை வைத்தியர், புத்திக் குறைவு எதுவும் இல்லாமலே தம்மை அடக்கிக்கொள்ள முடியாமல் தவிக்கும் பிள்ளைகளைப் பற்றித் தொடர் உரைகள் ஆற்றினார். அதுவும் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவுதான். 17ஆம் நூற்றாண்டில் மறைந்த தியோடர் கூல்ஸ்டன் என்ற வைத்தியர் எழுதிவைத்த பணத்தில் நடந்துவரும் உரை வரிசை அது. ஓர் ஊரின் பெரியவர் கல்விக்காக ஒதுக்கிவைக்கும் பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்று வைத்தியர்கள் பார்ப்பது என்ன? கவனம் நிலைக்காமை, ஓயாத துடியாட்டம், யோசிக்குமுன் பாய்ந்துவிடுதல். இவை 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது வகுப்பில் மட்டும் என்றில்லாமல் குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். உலகம் முழுவதிலும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2007இல் வெளியான கணக்கு, நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது உண்டு என்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். கோயம்புத்தூர் மாவட்டத்துப் பாடசாலைகள் நான்கில் 6 முதல் 11 வயது வரையான 770 பிள்ளைகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 11க்கு மேல் வந்தது. அங்கும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளிடையே கூடுதலாக இருந்தது. அளக்கும் முறைக்கேற்ப எண் மாறும். ஆனால் எந்த எண்ணை எடுத்தாலும், அந்தப் பிள்ளை இல்லாத பாடசாலை இருக்க முடியாது.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. இது உங்கள் வளர்ப்பின் குற்றமல்ல. இந்த நிலையில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது, நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்று லயத்தில் யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2007இல் அமெரிக்காவில் பிலிப் ஷோவும் அவருடைய குழுவினரும் ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் மூளைப் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். மூளையின் மேற்பட்டை முதிரும் வரிசை இரண்டு கூட்டத்திலும் ஒன்றுதான். ஆனால் மற்றப் பிள்ளைகள் ஏழரை வயதில் எட்டும் கட்டத்தை இவர்கள் பத்தரை வயதில் எட்டினார்கள். பொறுத்திருக்கவும் திட்டமிடவும் உதவும் முன்மூளைப் பகுதியில்தான் தாமதம் அதிகம். ஒரே ஒரு பகுதி மட்டும் இவர்களிடம் சற்று முந்தி முதிர்ந்திருந்தது. அது கைகாலை அசைக்கும் பகுதி. இதைப் படித்த அன்று என் பழைய மாணவர்கள் பலரின் முகம் எனக்குள் வந்து போனது. அசைவில் முந்தி நிற்கும் பிள்ளைக்குத்தான் நாம் அசைவைத் தடுத்துத் தண்டனை கொடுக்கிறோம்.

மேலே போகுமுன் ஓர் எச்சரிக்கை. துடியாட்டமான பிள்ளை எல்லாம் ஏ.டி.எச்.டி. பிள்ளையல்ல. இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவ நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 31க்கும் மேல். போஷாக்குக் குறைவின் அடையாளம் அது. காலையில் சாயத் தண்ணியோடு வரும் பிள்ளைக்குக் கவனம் நிற்காது. இரத்தச் சோகையும் அப்படியே. காது மந்தமான பிள்ளை சொன்னதைச் செய்யாது. ஒரு காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுத்து, குடித்துவிட்டு வருபவரின் சத்தத்தில் பாதி இரவு விழித்திருந்த பிள்ளை வகுப்பில் எரிந்து விழும். முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த ஊரில் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் சிலரின் பெற்றோர் மண்ணுக்குள் போனார்கள். கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளே முகாம்களாயின. படித்த வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைகள் அவர்கள். அப்படிப்பட்ட பேரிழப்புக்குப் பின் ஒரு பிள்ளை மழைச் சத்தத்துக்குத் திடுக்கிடும், இருந்த இடத்தில் இருக்காது, சொன்னது ஏறாது, சண்டை பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஏ.டி.எச்.டி. போலவே இருக்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஆசிரியர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எப்போதிருந்து இப்படி?" என்பது. ஒரு நாளைக் காட்டி "அதற்குப் பிறகுதான்" என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படும் உதவி வேறு. மண் சரியும் அபாயம் இந்த மலைகளை விட்டுப் போய்விடவில்லை. ஆகவே ஊவா ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை மறக்கவே கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், நம்ம பிள்ளைகள் காலையும் மாலையும் மேடும் பள்ளமும் ஏறி இறங்கித்தானே பள்ளிக்கு வருது? இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" நியாயமான கேள்வி. மேல் கணக்கு லயத்திலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வந்து, திரும்ப ஏறிப்போகும் பிள்ளையின் இதயமும் கால்களும் நகரத்துப் பிள்ளையைவிட உறுதியாக இருக்கக்கூடும். அந்த நடையில் பயன் இல்லாமலும் இல்லை. 2013இல் பொன்டிஃபெக்ஸ், ஹில்மன் என்போர் 8 முதல் 10 வயது வரையான பிள்ளைகளை, ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் 20 பேரும் இல்லாதவர்கள் 20 பேருமாக, ஓடு பொறியில் 20 நிமிடம் நடக்கவைத்துப் பார்த்தார்கள். நடந்து முடித்த பின் இரு கூட்டத்தாரும் கவனச் சோதனையில் குறைவாகத் தவறினார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் கூடுதலாகச் செய்தார்கள். உட்கார்ந்து வாசித்திருந்த நாளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்படியானால் மேட்டுப் பாதையில் நடந்து வந்த பிள்ளைக்கு முதல் பாடவேளைதான் பொன்னான நேரம். அந்த நேரத்தை வருகைப் பதிவிலும் காசு சேர்ப்பதிலும் கரைத்துவிட்டு, கணக்கைப் பன்னிரண்டு மணிக்கு வைக்கிறோம். நேரசூசி போடுகிற அதிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பலன் கொஞ்ச நேரம் நின்று கரைந்துவிடுகிறது. மேட்டுப் பாதை பிள்ளையின் காலுக்கு மனப்பாடம். நடக்கும்போது மனம் எங்கோ திரியலாம், பாதை அதைக் கேள்வி கேட்காது. மனத்தை இழுத்துப் பிடிக்கப் பழக்க வேண்டுமானால், மனம் விலகினால் ஆட்டமே குலைந்துவிடும் என்ற அசைவு வேண்டும். 2008இல் ஜெர்மனியில் ஹென்னிங் பூட்டவும் கூட்டாளிகளும் 13 முதல் 16 வயது வரையான 115 மாணவரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான விளையாட்டுப் பாடம். மற்றதற்கு இரு கையையும் ஒருங்கே பயன்படுத்திப் பந்தைத் தட்டிப் பிடிக்கும் பயிற்சிகள். இரண்டும் பத்தே நிமிடம். இதயத் துடிப்பு இரு கூட்டத்திலும் ஒரே அளவில்தான் ஏறியது. கவனச் சோதனையில் முன்னேறியது இரு கூட்டமும்தான், ஆனால் கைகளை ஒருங்கிணைத்த கூட்டம் கூடுதலாக முன்னேறியது. கனடாவின் அடேல் டயமண்ட் இந்தத் துறையில் நீண்ட காலம் உழைத்தவர். சும்மா ஓடுவதும் மிதிப்பதும் மட்டும் தன்னடக்கத்தை வளர்ப்பதில் அதிகம் செய்யாது, மனம் ஈடுபட வேண்டிய அசைவு வேண்டும், அதுவும் பிள்ளை முன்னேற முன்னேறக் கடினமாகிக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் வாதம். தாய்வானில் ஏ.டி.எச்.டி. உள்ள சிறுவர்களுக்கு 12 வாரம் மேசைப்பந்து பழக்கி நல்ல பலன் கண்டதை 2016இல் எழுதியிருக்கிறார்கள். மேசைப்பந்தில் பந்து எங்கே விழும், எப்படிச் சுழலும் என்று ஒவ்வொரு கணமும் கணிக்க வேண்டியிருக்கிறது அல்லவா?

மனம் ஈடுபடுவது என்றால் என்ன வேலை? மூன்று வேலைகள். விதியை மனத்தில் பிடித்து வைத்திருப்பது. கை பாய நினைக்கும்போது நிறுத்துவது. விதி மாறியவுடன் தானும் மாறுவது. இந்த மூன்றிலும்தான் நம் பிள்ளை தடுமாறுகிறது. இந்த மூன்றையும் கேட்கும் ஆட்டம் எது என்று தேடத் தாய்வானுக்கும் ஜெர்மனிக்கும் போக வேண்டியதில்லை.

தோல் பறையான தப்பை எடுத்துக்கொள்வோம். மாசி மாதம் காமன் பொட்டலில் கம்பம் நட்டுக் காமன் கூத்துத் தொடங்கினால், ரதியும் மதனும் தூதனும் வீரபத்திரனும் ஆடுவது தப்பின் அடியைக் கேட்டுத்தான். அடி மாறினால் கால் மாற வேண்டும். அடி நின்றால் கால் நிற்க வேண்டும். ஆடுபவனின் கண் எதிரே ஆடுபவன்மீது, காது தப்பின்மீது, வாயில் பாட்டு. இந்தப் பிள்ளைகள் நேரத்தை உள்ளுக்குள் அளப்பதில், ஒரே சீராகத் தட்டுவதில் தடுமாறுகிறார்கள் என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தாளம் அவர்களுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் கைப்பிடி. ஐந்து நிமிடம் புத்தகத்தோடு உட்காராத சிறுவர்கள் கூத்து மாஸ்டரின் முன்னால் இரவிரவாக நின்று அடவு பழகுவதைத் தோட்டத்தில் வாழ்ந்த எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு, "படிப்புன்னா ஓடிடுவான், கூத்துன்னா நிப்பான்" என்று திட்டினோம். அவன் நிற்கக்கூடியவன் என்பதற்கு அதுவே சாட்சி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தப்பு பாடசாலைக்குள் வராததற்குக் காரணம் இரைச்சலல்ல, சாதி. சாவுக்கு அடிக்கும் தோல் என்று அதை வாசலில் நிறுத்தினார்கள். பொழுது விடியுமுன் அந்தத் தப்பை அடித்துத்தான் நம் முன்னோரை வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்கு அழைத்தார்கள். அதன் தாளத்தில்தான் கூத்து வளர்ந்தது. தோட்டத்துத் தப்புக் கலைஞரை மரியாதையோடு அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்லுங்கள். இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, வற்புறுத்துகிறேன்.

சிலம்பம் அடுத்தது. கோயில் திருவிழாவில் தீப்பந்தம் சுற்றுவதை மட்டும் பார்ப்பவர்களுக்கு அதன் அருமை தெரியாது. ஆசான் முதலில் பழக்குவது கம்பையல்ல, காலடியை. கம்பு கையில் வந்த பிறகும், எதிராளியின் மேனியைத் தொடுமுன் நிறுத்தப் பழக்குகிறார். வேகமும் நிறுத்தமும் ஒரே மூச்சில். 2004இல் வெளியான லேக்ஸ், ஹோய்ட் என்போரின் ஆய்வு கொரியத் தற்காப்புக் கலையான டைக்வொண்டோவைச் சாதாரண உடற்கல்விப் பாடத்தோடு ஒப்பிட்டது. மூன்று மாதத்தில் டைக்வொண்டோ பழகிய பிள்ளைகள் தம்மைக் கட்டுப்படுத்துவதில் தெளிவாக முன்னேறினார்கள். அங்கே பிள்ளைகள் தமக்குத் தாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளப் பழக்கப்பட்டார்கள்: நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், என்ன செய்ய வேண்டும். சிலம்பத்துக்கு வணக்கம் போடும் நேரத்தில் இந்த மூன்றையும் சேர்த்துவிடலாம். அந்த ஆய்வில் இருந்தவை ஏ.டி.எச்.டி. என்று கண்டறியப்பட்ட பிள்ளைகள் அல்ல என்பதையும், டைக்வொண்டோவிலிருந்து சிலம்பத்துக்கு நான் தாண்டுவது என் சொந்தக் கணிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோலாட்டத்தில் தன் கோலைத் தட்டி, எதிரே நிற்பவரின் கோலைத் தட்டி, ஓரடி நகர்ந்தால் ஆள் மாறிவிடும். கயிறு பிடித்து ஆடும் பின்னல் கோலாட்டத்தில் பின்னியதைப் பிரிக்க, வந்த வழியைத் தலைகீழாக நினைவில் ஓட்ட வேண்டும். அஞ்சாங்கல்லில் மேலே எறிந்த கல்லைக் கண் விடக்கூடாது, கை கீழே இருக்கும் கல்லை மற்றக் கல்லில் படாமல் அள்ள வேண்டும். கபடியில் எதிரே ஏழு பேர், மூச்சு ஒன்று.

எல்லாருக்கும் பிடித்த எல்லேயும் கிரிக்கெட்டும் ஏன் என் பட்டியலில் இல்லை? அவற்றில் காத்திருப்பு அதிகம். ஒருவர் அடிக்க இருபது பேர் வரிசையில் நின்றால், நம் பிள்ளை அந்த வரிசையில்தான் அடி வாங்கும். எல்லைக்கோட்டில் நிறுத்தினால் வானத்தைப் பார்க்கும், பந்து தாண்டிப் போகும், அணியே திட்டும். அணியைச் சிறிதாக்கி, எல்லாரும் எந்நேரமும் ஆட்டத்துக்குள் இருக்கும்படி மாற்றினால் எதுவும் உதவும். அதேபோல எந்த ஆட்டமும் பழகிப்போய்க் கைக்கு மனப்பாடமானால் அதன் வேலை முடிந்தது. தாளத்தைக் கூட்டுங்கள், இடக்கைக்கு மாற்றுங்கள், விதியைத் தலைகீழாக்குங்கள். சலிப்பு இந்தப் பிள்ளையின் முதல் எதிரி.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பிழை. 1999இல் வெளியான, வட அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில், கவனக்குறைவையும் துடியாட்டத்தையும் குறைப்பதில் கவனமாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்துதான் முன்னே நின்றது. நடத்தைப் பயிற்சியையும் சேர்த்தபோது வேறு சில நன்மைகள் வந்தன. விளையாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றைக் காட்டி வைத்தியர் கொடுத்த மெதில்பெனிடேட்டை நிறுத்திவிடாதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையிலோ கேட்டு, பதுளைக்கு அனுப்பினால் பதுளைக்குப் போங்கள். ஒரு நாள் பெயர் போடாவிட்டால் அன்றைய சம்பளம் போகும் தாய்க்கு அந்தப் பயணம் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பாடசாலையில் அன்றாடம் நடக்கக்கூடியதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஓட்டமும் பாய்ச்சலும் பலருக்குக் குறைந்துவிடும். "திருந்திட்டான்" என்று நினைப்போம். கவனம் சிதறுவது உள்ளே அப்படியே இருக்கும். சாதாரணதரப் பரீட்சைக்கு முன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விடும் பையன்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. பெண் பிள்ளைகளோ முதலிலிருந்தே கண்ணில் படுவதில்லை. அவர்களில் பலர் கிள்ளுவதில்லை, ஓடுவதில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "மந்தம்" என்ற பெயரோடு பின்வாங்கில் இருப்பார்கள். வயதுக்கு வந்ததும் அவர்களுடைய விளையாட்டை நாம் முற்றாக நிறுத்திவிடுகிறோம். கோலாட்டமும் கும்மியும் தெரிந்த பிள்ளைக்கு வலைப்பந்தும் சிலம்பமும் கொடுங்கள். உடலும் மனமும் ஒருங்கே மாறும் அந்த ஆண்டுகளில்தான் அது அவளுக்கு மிகத் தேவை.

உயர்வகுப்பு மாணவரை இதற்குப் பயன்படுத்துங்கள். இந்தியாவில் ஒரு பாடசாலையில் ஏ.டி.எச்.டி. உள்ள 6 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கு யோகாசனமும் தியானமும் விளையாட்டும் சேர்ந்த பயிற்சியைப் பழக்கியவர்கள் பயிற்றப்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களே. ஆறு வாரத்தில் கண்ட முன்னேற்றத்தை 2011இலும், ஓராண்டு கழித்துப் பார்த்ததை அடுத்த ஆண்டிலும் எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு அது, ஆனால் செலவு மிகக் குறைவு. நமக்கும் ஆசிரியர் பற்றாக்குறை, அண்ணன் அக்காமாருக்குப் பற்றாக்குறையில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பழக்கும் அந்தக் கைகளையே ஆண்டு முழுவதும் பழக்கவிடுங்கள். முன்பு துடியாட்டத்துக்குப் பெயர்போன ஒரு பெரிய பையனையே தலைவனாக்குங்கள்.

கடைசியாக, இடமும் மழையும். சரிவில் வெட்டிய பாடசாலையில் மைதானம் ஏது என்பீர்கள். ஒக்டோபர் வந்தால் வெளியே இறங்க முடியாது என்பீர்கள். கோலாட்டத்துக்கு வாங்குகளை ஓரம் தள்ளிய வகுப்பறை போதும். அஞ்சாங்கல்லுக்கு ஒரு பாய் அளவு நிலம் போதும். தப்பின் அடியைக் கைதட்டியே பழகலாம். காலை முதல் மணிக்கு முன் இருபது நிமிடம் வையுங்கள், எந்தப் பிள்ளையிடமிருந்தும் அதைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள். கோல் வாங்கப் பணமில்லை என்று எந்த அதிபரும் சொல்ல வேண்டாம். கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு கிடக்கிறது. வளையாத குச்சிகளாகப் பார்த்து ஒரு முழ நீளத்துக்கு நறுக்கி, கணுவைச் சீவினால் சரி.